கடல் பனிக்கு ‘டிஜிட்டல் இரட்டை’ என்றால் என்ன? கடலூர்க் கரைக்கு அதனால் என்ன பயன்?

துருவப் பகுதியில் கடல்நீர் உறைந்து மிதக்கும் பனிக்கட்டிதான் கடல் பனி; கணினிக்குள் ஓடும் அதன் நகல்தான் டிஜிட்டல் இரட்டை. செயற்கைக்கோள் அளவுகள் வர வர, அது தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக் கிளம்பும் விசைப்படகை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் எவ்வளவு ஐஸ் மிஞ்சும் என்று டிரைவர் மனக்கணக்கு போடுவார். பெட்டியைத் திறந்து பார்த்ததும் அதை மாற்றுவார். அதே வேலைதான் இதுவும்.

பெரிய தலைவலி, பனியின் தடிமனை அளப்பது. மிதக்கும் பனியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே நிற்கும். கிரயோசாட்-2 செயற்கைக்கோள் அந்த உயரத்தை ரேடாரால் அளக்க, அதிலிருந்து மொத்தத் தடிமனைக் கணிக்கிறார்கள். உயரத்தில் 1 செ.மீ. பிசகினால் தடிமனில் ஏறக்குறைய 10 செ.மீ. தப்பும். கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீரைத் திறந்த கடல் என்று ரேடார் ஏமாறுவதும் உண்டு.

பனி எப்போது விலகும் என்று தெரிந்தால் ஆர்க்டிக் கப்பல்களும் கரையோர ஊர்களும் முன்கூட்டியே தயாராகலாம். நம் பக்கம் இதே முறையில், 2011 ‘தானே’ போன்ற புயல் வந்தால் நீர் எதுவரை ஏறும், புதுச்சேரியில் எங்கே கல் கொட்டினால் எங்கே மணல் அரிக்கும் என்று கணினியிலேயே பார்த்துவிடலாம்.

ஒன்று: கடல் பனி உருகுவதால் நேரடியாக நம் கடல்மட்டம் உயர்வதில்லை, டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்து தண்ணீர் வழியாததுபோல; உயர்த்துவது நிலத்துப் பனியும் சூடேறி விரியும் கடல்நீரும்.