உப்புக்காற்று அடிக்கும் ஊரில் தினமும் கட்ட எந்த வாட்ச் வாங்கலாம்?

தொண்டிப் பக்கம் கடலோரத்தில் வேலை, ஸ்மார்ட்வாட்ச் வேண்டாம், மூவாயிரம் ரூபாய்க்குள் தினமும் கட்ட ஒரு வாட்ச் வேண்டும், வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் உடம்பு, தண்ணீர் தாங்கும் அளவு 100 மீட்டர் என்று எழுதிய டிஜிட்டல் வாட்ச், ரப்பர் மாதிரியான ஸ்ட்ராப். காசியோவில் டபிள்யூ-800எச் போதும், கொஞ்சம் பார்வையாகவும் இருக்க வேண்டும் என்றால் ஏஇ-1200. முள் வாட்ச்தான் பிடிக்கும் என்றால் அதே கம்பெனியின் எம்ஆர்டபிள்யூ-200எச். விலை அவ்வப்போது ஏறி இறங்கும், ஏஇ-1200 சில சமயம் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டலாம், கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் இவை என்று கேட்டால்தான் பதில் நீளும்.

நான் மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் எடை, கணக்கு, லோடு ஏற்றுவது எல்லாம் பார்க்கிறவன். படகு கரைக்கு வந்த நேரத்திலிருந்து ஐஸ் பெட்டிக்குள்ளும் உப்புத் தண்ணீரிலும்தான் கை கிடக்கும். அந்தக் கையோடு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து மணி பார்க்க முடியாது, எடுத்தாலும் ஈர விரலுக்குத் திரை திறக்காது. அதனால் எங்கள் இடத்தில் இன்னும் பாதிப் பேர் கையில் வாட்ச் இருக்கிறது. யாருடையது எத்தனை நாள் தாங்குகிறது, எது எப்படிச் சாகிறது என்று பார்த்துப் பார்த்து வந்த கருத்துதான் நான் சொல்வது. மெஷின் தேய்ந்து நின்றுபோன வாட்சை இந்தப் பக்கம் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். உப்பு உள்ளே போய் நிற்கும், இல்லையென்றால் உப்பு வெளியே அரித்துக் கையை விட்டுக் கழன்று விழும். அதனால் கடையில் ஒரு வாட்சைக் கையில் வாங்கியதும் டயலை ரசிப்பதற்கு முன்னால், இதற்குள் உப்பு எந்த வழியாகப் போகும் என்று பாருங்கள்.

முள் வாட்சில் முதல் வழி பக்கத்தில் இருக்கிற சாவித் திருகு. நேரம் மாற்ற அதை இழுத்துவிட்டு முழுக்க அமுக்காமல் விட்டால் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போன மாதிரிதான். அமுக்கியே இருந்தாலும் அதன் தண்டைச் சுற்றியிருக்கிற ஒரு சின்ன ரப்பர் வளையம்தான் தடுப்பு, அது வெயிலிலும் வியர்வையிலும் நாளாக ஆக இறுகி வெடிக்கும். இரண்டாவது வழி பின்மூடி. விலை குறைந்த வாட்ச்களில் மூடியை வெறுமனே அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். செல் மாற்றுகிறவர் கத்தி முனையால் நெம்பித் திறப்பார், திரும்ப அமுக்குவார், உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் கொஞ்சம் விலகியிருந்தாலும் அத்தோடு வாட்டர் ரெசிஸ்ட் கதை முடிந்தது. நான்கு மூலையிலும் ஸ்குரூ போட்டது, அல்லது மூடியே மரை வைத்துத் திருகுவது, இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் நல்லது. டிஜிட்டலை முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம்: இழுக்கிற திருகே கிடையாது, பொத்தான்கள் மட்டும்தான். அந்தப் பொத்தானையும் தண்ணீருக்குள் கை இருக்கும்போது அமுக்காதீர்கள்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ஸ்ட்ராப்பை உடம்போடு பிடித்திருக்கிறதே ஒரு சின்ன ஸ்பிரிங் பின், அது. உப்புத் தண்ணீர் அந்த ஓட்டைக்குள் தேங்கி, காய்ந்து, உப்பாகப் பூத்து, பின்னை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு நாள் வலை இழுக்கும்போதோ ஐஸ் பெட்டி தூக்கும்போதோ படக்கென்று விடும், கடலில் விழுந்தால் விழுந்ததுதான். பின் பத்து இருபது ரூபாய்ச் சாமான். செல் மாற்றும்போதெல்லாம் பின்னையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் இந்த மீட்டர் கணக்கு. 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அசையாத தண்ணீரில் அழுத்தம் கொடுத்துப் பார்த்த கணக்கு. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம், ஏறக்குறைய ஒரு பார் (அழுத்த அளவு), கூடும், 30 மீட்டர் என்பது மூன்று பார் அழுத்தத்துக்கு ஒப்பான சோதனை, அதுவும் வாட்ச் புதிதாக இருக்கும்போது. கம்பெனிக்காரர்களே கொடுக்கிற விளக்கம் என்னவென்றால் 30 மீட்டர் கை கழுவுவதற்கும் மழைக்கும், 50 மீட்டர் குளிக்க, நீந்த, 100 மீட்டர் மூச்சுக்குழாய் போட்டுக் கடலில் மிதக்கிற அளவுக்கு. முறையாக முத்துக்குளிக்கிற மாதிரி இறங்குவதற்கு 200 மீட்டர் வேண்டும், அதில் ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தனித் தரமே இருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் கரையில் வேலை என்றால் 100க்குக் கீழே வாங்காதீர்கள். கூடுதல் ஆழத்துக்காக இதைச் சொல்லவில்லை, வளையம் கொஞ்சம் தளர்ந்த பிறகும் மிச்சம் ஒரு தடுப்பு இருக்கட்டும் என்றுதான்.

பின்பக்கத்தைக் கவிழ்த்துப் படிக்கிற பழக்கமும் வேண்டும். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று மட்டும் இருந்தால் மூடி மட்டும்தான் எவர்சில்வர். மேல் உடம்பு பெரும்பாலும் பித்தளையோ துத்தநாகக் கலவையோ, மேலே பளபளவென்று முலாம். மதுரையில் அது நன்றாகவே ஓடும். இங்கே வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து முலாம் கொப்புளித்து, அடியில் களிம்பு ஏறி, கையில் பச்சையாக ஒட்டும், சிலருக்கு அரிப்பும் வரும். முழுக்க எவர்சில்வர் என்றால் சரி, அதிலும் 316எல் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது, அந்தக் கலவையில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பு குழிகுழியாக அரிப்பதைத் தாங்கும். இரும்புக்கு இந்தக் காற்று என்ன செய்யும் என்பதற்குப் பாம்பனை விடச் சாட்சி வேண்டுமா? 1914இல் திறந்த ரயில் பாலம், வருஷம் தவறாமல் பராமரித்தும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ஆனால் மூவாயிரத்துக்குள் முழு எவர்சில்வர், 100 மீட்டர், நல்ல செயின், மூன்றும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். அதனால்தான் பிளாஸ்டிக். பார்க்க எளிமையாக இருக்கும், துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

கண்ணாடி விஷயத்தில் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். கடல் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்கிற படிகக் கல், அது சாதாரண மினரல் கண்ணாடியை விடக் கடினம், ஆகவே தனுஷ்கோடி மணலில் கையை ஊன்றி எழுந்தால் கீறல் விழத்தான் செய்யும். சஃபையர் கண்ணாடி தாங்கும், உங்கள் பட்ஜெட்டில் நல்ல கம்பெனியில் பார்ப்பது அரிது. பிளாஸ்டிக் கண்ணாடியில் எளிதாகக் கீறல் விழும், ஆனால் பற்பசையை வைத்து மெல்லிய துணியால் தேய்த்தால் லேசான கீறல் போய்விடும், உடையவும் உடையாது.

செல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த அளவில் பாதி வாட்ச் கெடுவது செல் மாற்றிய பிறகுதான். எங்கள் கம்பெனியில் ஒரு தம்பியின் முள் வாட்சை ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன்.

"புது செல் போட்டு மூணு மாசம்தான் ஆச்சு பாய், நின்னு போச்சு."

அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திறந்தார். "செல்லை யாரு போட்டா? ரிங்கையே காணோமே. உள்ளே காயில் கம்பிச்சுருள் பச்சை பிடிச்சுப் போச்சு தம்பி, இனி மெஷினைத்தான் மாத்தணும்."

வேறு எங்கேயோ செல் மாற்றியபோது ரப்பர் வளையத்தைத் திரும்ப வைக்கவே இல்லை. அதனால் செல் மாற்றக் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள், வளையம் இறுகியிருந்தால் புதிது போடச் சொல்லுங்கள், கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். முள் வாட்சுக்கு சில்வர் ஆக்சைடு செல்தான் போட வேண்டும், 626 அளவில் என்றால் அதன் பெயர் எஸ்ஆர் என்று தொடங்கும். எல்ஆர் என்று தொடங்குவது ஆல்கலைன், விலை மலிவு, ஒழுகினால் மெஷினோடு போகும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பதற்குத்தான் டபிள்யூ-800எச்சும் ஏஇ-1200உம். இரண்டுக்கும் பத்து வருஷம் செல் வரும் என்று கம்பெனி சொல்கிறது. அதாவது பத்து வருஷம் அந்த மூடியை யாரும் நெம்ப வேண்டியதில்லை. எனக்கு அதுதான் அதன் பெரிய குணம்.

எல்லோரும் சொல்கிற எஃப்-91டபிள்யூவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 1989இலிருந்து வருகிற வாட்ச், 21 கிராம்தான் எடை, கட்டியிருப்பதே தெரியாது, மாதத்துக்கு 30 விநாடிக்குள்தான் வித்தியாசம் வரும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதை விட வேண்டாம். ஆனால் அதில் வெறும் வாட்டர் ரெசிஸ்ட் என்றுதான் எழுதியிருக்கும், 50, 100 எதுவும் கிடையாது. தெறிக்கிற தண்ணீருக்குச் சரி, நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கிற கைக்கு இல்லை. விளக்கும் மங்கல், விடிவதற்கு முன் கரைக்குப் போகிறவருக்கு உதவாது. அதோடு போலிகள் ஏராளம். வலது பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கம்பெனிப் பெயர் வரும் என்பார்கள், அதுவும் இப்போது சில போலிகளில் வருகிறது. கோயில் வாசலில் முந்நூறு ரூபாய்க்குத் தொங்குவதை வாங்காதீர்கள், பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள்.

கீழக்கரையில் சபுராளிகள், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதித்து வந்தவர்கள், கொண்டுவந்த சீக்கோ 5 வாட்ச் பல வீட்டில் இருக்கும், கிழமையை ஆங்கிலத்திலோ அரபியிலோ வைத்துக்கொள்ளலாம். செல்லே கிடையாது, கை ஆட ஆட ஓடும். எனக்கும் அதன் மேல் ஆசைதான். என் நண்பர் ஒருவர் தன் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து கொடுத்ததை இன்னும் பெருநாளுக்கு மட்டும் கட்டுகிறார். ஆனால் அந்தப் பழைய மெஷின் நாளைக்கு 45 விநாடி வரை வேகமாக ஓடினாலும் கம்பெனிக் கணக்கில் சரிதான், ஒரு மாதம் சரி செய்யாமல் விட்டால் அதை நம்பி லாரிக்கு நேரம் பார்க்க முடியாது. தாத்தாவின் எச்எம்டி ஜனதா வீட்டில் இருந்தால் அதுவும் அப்படியே, அலமாரியில் பத்திரமாக இருக்கட்டும். ஆன்லைனில் பச்சை, சிவப்பு டயலோடு பளபளவென்று விற்கிற எச்எம்டிகளில் பெரும்பாலானவை பழசைத் திறந்து டயலுக்குப் புதுச்சாயம் பூசியவை. எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூடுவதற்கு 2016இல் மத்திய அரசே ஒப்புதல் கொடுத்துவிட்டது.

ஆபீஸ் வேலை, கரையில் நிற்பதில்லை என்றால் என் பதில் மாறும். அப்போது டைட்டனோ சொனாட்டாவோ வாங்குங்கள். ஓசூர் கம்பெனி, டாட்டாவும் நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியது, சர்வீஸுக்கு வெளியூர் தேட வேண்டாம். தோல் ஸ்ட்ராப் மட்டும் வேண்டாம், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும், சித்திரை வியர்வையில் நாறும்.

ஸ்ட்ராப் என்றதும் இன்னொன்று. பிளாஸ்டிக் வாட்ச்களில் வாட்சுக்கு முன்னால் ஸ்ட்ராப்தான் வெடிக்கும், டீசல் பட்டால் இன்னும் சீக்கிரம். பல காசியோ மாடல்களில் ஸ்ட்ராப் அந்த மாடலுக்கென்றே வார்த்தது, வேறு பொருந்தாது, ஆகவே வாங்கும்போதே கூடுதலாக ஒன்று கிடைக்குமா என்று கேளுங்கள். சாதா பின் போட்ட முள் வாட்சாக இருந்தால் நைலான் நேட்டோ ஸ்ட்ராப் போடலாம். அது இரண்டு பின்னுக்கும் அடியில் ஒரே பட்டையாக ஓடுவதால் ஒரு பின் விட்டாலும் வாட்ச் கையிலேயே தொங்கும், படகில் போகிற ஆட்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒரே தொல்லை, நைலான் உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வாரம் ஒரு முறை கழற்றிச் சோப்புப் போட்டு அலச வேண்டும்.

தினமும் வீட்டுக்குப் போனதும் வாட்சை நல்ல தண்ணீரில் ஒரு நிமிஷம் அலசித் துடையுங்கள். நல்ல தண்ணீர் என்று சொன்னது வேண்டுமென்றேதான், நம் பக்கம் பல தெருக்களில் போர்த் தண்ணீரே உவர்ப்பு, அதில் கழுவினால் கடலில் கழுவியதற்குக் கொஞ்சம்தான் மேல். காவிரித் தண்ணீர் பிடித்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அதில் ஒரு டம்ளர் போதும். வெந்நீர் ஊற்றாதீர்கள், வளையம் கெடும். கழுவிய பிறகும் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது போல் தெரிந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே திறக்கக் கொடுத்துவிடுங்கள், ஒரு வாரம் விட்டால் ரிப்பேர்க் கடைக்காரர் புது வாட்ச் விலையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.