மென்பொருள் கேள்வி–பதில்: விதிவிலக்கை எங்கே எழுதுவது?

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே சிக்கலைச் சுற்றியே நிற்கின்றன. நிறுவனத்துக்குப் பொதுவான விதி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் வகைக்கோ, ஓர் ஊருக்கோ, ஒரு திகதிக்குப் பிந்திய காலத்துக்கோ அதே விதியின் வேறு வடிவம் தேவைப்படுகிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, திருநெல்வேலியில் இருந்தபடி வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்யும் குழுவில் இருக்கிறேன். தளம் பெகா (Pega), நிறுவனத்தின் வேலை விதிகளை எழுதி ஓடவிடும் மென்பொருள். இழப்பீட்டுக் கோரிக்கையை யார் அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் விதியில், பெருநிறுவன வாடிக்கையாளருக்கு மட்டும் எல்லைத் தொகை வேறு. அந்த விதிக்குள்ளேயே ‘இப்படியானால்’ என்று இன்னொரு வரி சேர்த்தால் போதும் என்கிறார் உடன் வேலை செய்பவர். சர்க்கம்ஸ்டன்ஸ் செய்து, அதாவது விதியைப் பிரதியெடுத்துக் குறித்த சூழலுக்கு மட்டும் பொருந்தும்படி தனி வடிவம் எடுக்கச் சொல்கிறார் குழுத் தலைவர். எது நல்லது? — வாசகி, திருநெல்வேலி

பதில்: நான் உங்கள் குழுத் தலைவரின் பக்கம், தங்கச்சி.

முதலில் சேர்க்கும் ‘இப்படியானால்’ வரி யாருக்கும் தொல்லை தருவதில்லை. அடுத்த ஆண்டு முகவர்களுக்காக ஒரு வரி, அதற்குப் பிறகு ஒரு மாகாணத்துக்காக ஒரு வரி என்று சேர்ந்த பிறகுதான் சுமை தெரியும். பெருநிறுவனத்துக்கான எல்லையை மாற்றப் போகிறவர், சாதாரண வாடிக்கையாளரின் கோரிக்கை ஒழுங்காகப் போகிறதா என்றும் சோதித்தாக வேண்டும். அவர் கை வைத்தது எல்லோருக்கும் பொதுவான விதியில் அல்லவா? தனி வடிவமாக இருந்தால் பொது விதியை யாரும் தொடவேண்டியதில்லை. தேவை தீர்ந்ததும் அந்த வடிவத்தை மட்டும் விலக்கிக்கொள்ளலாம்.

பெகாவில், எந்தச் சூழலும் குறிக்கப்படாத அடிப்படை விதி ஒன்று முதலில் இருக்க வேண்டும். அதைப் பிரதியெடுத்துச் சேமிக்கும்போது எந்தப் புலம், அதில் எந்தப் பெறுமதி என்று கொடுப்பீர்கள். உங்கள் விடயத்தில் புலம் வாடிக்கையாளர் வகை, பெறுமதி பெருநிறுவனம். ஒன்றுக்கு மேற்பட்ட புலங்கள் சேர்ந்து சூழலைத் தீர்மானித்தால், புலங்களைச் சொல்லும் டெம்ப்ளேட் ஒன்றும் பெறுமதிகளைச் சொல்லும் டெஃபினிஷன் ஒன்றும் வேண்டும். விதியை அழைக்கும் இடங்களில் எதையும் மாற்றத் தேவையில்லை. பெயர் ஒன்றேதான், எந்த வடிவம் பொருந்தும் என்பதை ஓடும் நேரத்தில் தளமே தேடி எடுத்துக்கொள்ளும்.

அந்தத் தேடல் எந்த ஒழுங்கில் நடக்கிறது என்பதைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பொருந்தக்கூடிய விதிகளை வரிசைப்படுத்தும்போது தளம் முதலில் கிளாஸை (விதி எந்த வகை வேலைக்கு உரியது என்பதை) பார்க்கும், அடுத்து ரூல்செட் (விதிகளின் தொகுப்பு), அதற்குப் பிறகுதான் சூழல், பின்னர் திகதி, பதிப்பு எண் கடைசி. இரண்டு வகைத் தவறுகள் இந்த வரிசையை அறியாததால் வருகின்றன.

‘கோரிக்கை’ என்ற மேல் கிளாஸில் உங்கள் பெருநிறுவன வடிவம் இருக்கிறது என்று வையுங்கள். அதற்குக் கீழே ‘வாகனக் கோரிக்கை’ என்ற கிளாஸில் இன்னொருவர் அதே பெயரில் சாதாரண விதி ஒன்றைச் சேமித்துவிடுகிறார். அன்று முதல் பெருநிறுவனத்தின் வாகனக் கோரிக்கைகள் எல்லாம் அவருடைய விதியின்படியே போகும். சூழல் பொருந்தினாலும் பயனில்லை, கிளாஸ் அதற்கு முந்தியது, அதிலும் கோரிக்கைக்கு நெருங்கிய கீழ்க் கிளாஸே வெல்லும். தளம் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. தொகை தவறான மேசைக்குப் போன பிறகு யாராவது தொலைபேசி எடுத்துச் சொன்னால்தான் தெரியவரும்.

மற்றது பதிப்பு பற்றியது. 01-01-05 பதிப்பில் பெருநிறுவன வடிவம் இருக்கிறது. 01-02-01 பதிப்பில் அடிப்படை விதியைத் திருத்தி வெளியிடுகிறீர்கள். புதியதுதானே வெல்லும் என்று நினைப்பீர்கள். இல்லை, பதிப்பை விடச் சூழல் முந்தியது என்பதால் பெருநிறுவன வாடிக்கையாளருக்குப் பழைய வடிவமே தொடர்ந்து ஓடும். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் பழைய சிறப்பு வடிவங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நோக்கம் என்றால், புதிய பதிப்பை அடிப்படை விதி என்று குறித்துச் சேமிக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதைக் குறிக்காமல் வெளியிட்டுவிட்டு வாரக்கணக்கில் காரணம் தேடிய குழுக்களைக் கண்டிருக்கிறேன்.

குழுத் தலைவரிடம் நீங்கள் கட்டாயம் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சர்க்கம்ஸ்டன்ஸ் செய்யும்போது முழு விதியும் பிரதியாகிறது. நாளை பொது விதியில் ஒரு பிழையைத் திருத்தினால் அந்தத் திருத்தம் பிரதிக்குத் தானாகப் போய்ச் சேராது. உங்கள் அனுமதி விதியில் ஆவணச் சரிபார்ப்பு, சந்தேகக் கோரிக்கை, மேலதிகாரி விடுப்பில் இருந்தால் யார் என்று எத்தனையோ இருக்கும். இவற்றில் வேறுபடுவது எல்லைத் தொகை ஒன்றுதான். அந்த ஒரு தொகைக்காக முழு விதியையும் பிரதியெடுக்காதீர்கள். தொகையைத் தரும் பகுதியைச் சிறிய தனி விதியாகப் பிரித்து, பெரிய விதி அதை அழைக்கும்படி செய்துவிட்டு, அந்தச் சிறியதற்கு மட்டும் பெருநிறுவன வடிவம் கொடுங்கள். தொடக்கத்தில் அரைநாள் கூடுதலாகப் போகலாம். பிறகு பொது விதியில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பெருநிறுவன வாடிக்கையாளருக்கும் தானாகவே போய்ச் சேரும்.

கேள்வி: அக்கா, கட்டடப் பொருட்கள் மொத்தமாக விற்கும் கடை ஒன்றுக்கு விற்பனை மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன். ஏற்றுக்கூலியைக் கணக்கிடும் விதிக்குத் ‘தீவகம்’ (யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகள்) என்று ஒரு சிறப்பு வடிவம் வைத்தேன். இப்போது புங்குடுதீவு வாடிக்கையாளர்கள் கூலி அதிகம் என்று கடையில் சண்டை போடுகிறார்களாம். ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனி வடிவம் செய்ய வேண்டுமா? — வாசகர், கோண்டாவில்

பதில்: அவர்கள் சண்டை போடுவதில் நியாயம் இருக்கிறது, தம்பி. பண்ணைப் பாலத்தைக் கடந்தால் வேலணை. அங்கிருந்து புங்குடுதீவுக்கும் தரைவழியாகவே போகலாம். லொறி குறிகாட்டுவான் இறங்குதுறை வரைக்கும் போய் நிற்கும். காரைநகருக்கும் பொன்னாலைப் பக்கத்தால் வீதி இருக்கிறது. ஆனால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் சீமெந்து போக வேண்டுமென்றால், லொறியிலிருந்து இறக்கி, படகில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, அங்கே வேறொரு வாகனத்தில் ஏற்ற வேண்டும். 50 கிலோ பையொன்று எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். கூலி கூடுவது இந்தக் கை மாற்றத்தால்தான். வரைபடத்தில் தீவு என்று எழுதியிருப்பதால் அல்ல.

சிறப்பு வடிவம் எந்தப் புலத்தைப் பார்த்து மாறுகிறது என்பதைத்தான் நீங்கள் திருத்த வேண்டும். வேறுபாட்டை உண்டாக்கும் காரணம் எதுவோ அதுவே புலமாக இருக்க வேண்டும். ஊர்களின் பதிவேட்டில் ‘படகு தேவையா’ என்று ஒரு புலம் சேருங்கள். படகு தேவைப்படும் ஊர்களுக்கு ஒரே ஒரு சிறப்பு வடிவம் போதும். தூரத்தால் வரும் வேறுபாடு விதியின் கதையே அல்ல, தரவின் கதை. அதை ஊருக்கு ஒரு தொகை என்று அட்டவணையில் வைத்துவிடுங்கள். நாளைக்கு எங்காவது புதிய பாலம் வந்தால் கடைக்காரரே பதிவேட்டில் அந்த ஒரு குறியை மாற்றிக்கொள்வார். உங்களைத் தேடி வரவேண்டியதில்லை. தீவுக்கு ஒரு வடிவம் என்று போனால், கணக்கிடும் முறையில் சின்ன மாற்றம் வந்தாலும் அத்தனை வடிவங்களையும் நீங்களே உட்கார்ந்து திருத்த வேண்டிவரும்.

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா, நான் ஓய்வுபெற்ற கணக்காளர், இப்போது சில நிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில், 2023 டிசெம்பரில் விற்ற பொருள் 2024 ஜனவரியில் திரும்பி வந்தபோது, வரவுக் குறிப்பில் பெறுமதி சேர் வரியை 18% என்று போட்டுவிட்டது. மென்பொருள் செய்தவர்கள், திகதிப்படி விதி மாறும்படிதான் வைத்திருக்கிறோம், பிழையில்லை என்கிறார்கள். — வாசகர், சுன்னாகம்

பதில்: பிழை இருக்கிறது, ஐயா. திகதிப்படி விதி மாறுவது சரிதான். எந்தத் திகதி என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

கடந்த சில ஆண்டுகளில் இலங்கையில் இந்த வீதம் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். 15% ஆக இருந்தது 2019 டிசெம்பர் 1 முதல் 8% ஆனது. 2022 ஜூன் 1 இல் 12%, அதே ஆண்டு செப்டெம்பர் 1 இல் மீண்டும் 15%, 2024 ஜனவரி 1 முதல் 18%. எனவே ஒவ்வொரு வீதத்தையும் தொடக்கத் திகதி, முடிவுத் திகதியுடன் தனி வடிவமாக வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. பழையதை அழித்துப் புதியதை எழுதுவதை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அவர்களுடைய விதி, ஆவணம் அச்சாகும் அன்றைய திகதியைப் பார்த்து வடிவத்தைத் தெரிவு செய்கிறது. விற்பனைக்கு அது பெரும்பாலும் பொருந்திப் போவதால் ஒருவரும் கவனிக்கவில்லை. வரவுக் குறிப்பு என்பது முன்னர் அறவிட்ட வரியைத் திருத்துவது. டிசெம்பரில் 15% அறவிட்டிருந்தால் திருப்ப வேண்டியதும் 15% தான். ஆகவே வரவுக் குறிப்பை எழுதும்போது விதி பார்க்க வேண்டியது மூல விற்பனையின் திகதியை.

அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: வீதத்தைத் தரும் விதிக்குத் திகதியை யார் கொடுக்கிறார்கள்? விதி தானே கணினியின் கடிகாரத்தைப் பார்க்கிறதா, அழைப்பவர் திகதியைக் கையளிக்கிறாரா? தானே பார்க்கிறது என்றால் அதைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, வீத மாற்றம் நடந்த ஒவ்வொரு நாளுக்கும் முந்திய நாளில் ஒரு விற்பனை, பிந்திய நாளில் அதற்கு ஒரு வரவுக் குறிப்பு என்று உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சம்பளப் பகுதியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8%, தொழில்தருநர் 12%, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3% என்ற வீதங்கள் நெடுங்காலமாக மாறாததால், அவற்றை நிரலுக்குள் வெறும் எண்ணாகவே எழுதிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அவையும் திகதியோடு கூடிய விதிகளாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் பெகா அமைப்பில் சிறப்பு வடிவங்கள் குவிந்து கிடக்கின்றன. எது ஏன் வந்தது என்று தெரிந்தவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். பாவனையில் இல்லாதவற்றை எப்படி அகற்றுவது? — வாசகர், வவுனியா

பதில்: அழிக்க வேண்டாம். புதிய பதிப்பில் அந்த வடிவத்துக்கு ‘வித்ட்ரோன்’ என்ற நிலையைக் கொடுங்கள். அதே ரூல்செட்டில் அதற்கு முந்திய பதிப்புகளும் சேர்ந்து மறையும், தேடல் தொடர்ந்து அடிப்படை விதிக்குப் போகும். ‘பிளொக்ட்’ என்பதைத் தவறியும் தெரிவு செய்யாதீர்கள். அது தேடலை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

ஒரே நாளில் எல்லாவற்றிலும் கை வைக்காமல், ஒவ்வொரு வெளியீட்டிலும் சிலவற்றை மட்டும் விலக்குங்கள். ஒவ்வொன்றையும் விலக்க முன்னர், அந்தச் சூழலுக்குப் பொருந்தும் பழைய கோரிக்கை ஒன்றைச் சோதனை அமைப்பில் ஓடவிட்டு, அடிப்படை விதி என்ன விடை தருகிறது என்று பாருங்கள். விடை மாறினால் அந்த வடிவம் இன்னும் யாருக்கோ வேலை செய்கிறது. அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்காமல் தொடாதீர்கள். இனிமேல் உருவாக்கும் ஒவ்வொரு வடிவத்தின் விளக்கப் பகுதியிலும், யார் கேட்டார், எந்தத் திகதியில், எப்போது மீண்டும் பார்க்க வேண்டும் என்ற மூன்றும் இல்லாவிட்டால் வெளியீட்டுக்கு அனுமதி இல்லை என்று குழுவுக்கு அறிவித்துவிடுங்கள்.