கார்டிசால் டெஸ்ட் எடுத்தால் தற்கொலை எண்ணம் இருப்பது தெரியுமா?

தெரியாது. வீட்டில் யாரோ "வாழவே பிடிக்கல" என்று சொல்லியிருப்பார்கள், நீங்கள் லேப் பேக்கேஜ் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

என் தங்கை கல்லூரி கடைசி வருடத்தில் அப்படிச் சொன்னாள். சித்தப்பா பேச்சைக் கேட்டு அப்பா இந்த டெஸ்டுக்குச் சொல்லிவிட்டார். கார்டிசால், மன அழுத்தம் வந்தால் உடம்பு கூடுதலாகச் சுரக்கிற ஹார்மோன்; தினமும் விடியற்காலையில் ஏறி, கண்விழித்த அரைமணி வாக்கில் உச்சத்துக்குப் போய், ராத்திரி வரை இறங்கும். அதனால் வழக்கமாகக் காலை 8 மணி வாக்கில் ரத்தம் எடுப்பார்கள். லேப் பையன் வந்தது பதினொன்றரைக்கு. கேட்டால் "டிராஃபிக் சார்". காசு மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை தள்ளுபடி மெசேஜ் வேறு.

ரிப்போர்ட் 'நார்மல்'. அப்பா அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டினார்: "பாருங்க, ஒண்ணுமே இல்ல, எல்லாம் பிடிவாதம்." அதன்பிறகு அவள் வீட்டில் வாயே திறக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை, படித்தவர்கள் சண்டைக்கு வராதீர்கள். கார்டிசால் போதுமான அளவு வந்ததும் மூளை அதற்கு பிரேக் போடும். கடுமையான மனச்சோர்வில் சிலருக்கு அந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, கார்டிசால் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரியும். 2001-ல் கோரியல், ஷ்லெஸ்ஸர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வோடு மருத்துவமனையில் சேர்ந்திருந்த 78 பேரில் பிரேக் பிடிக்காதவர்களுக்கு 15 வருடத்தில் தற்கொலை அபாயம் 26.8 சதவீதம், மற்றவர்களுக்கு 2.9. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அது வேறு டெஸ்ட், ஆட்களும் குறைவு. 2016-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி வயது 40-க்குக் கீழே இருந்த ஆய்வுகளில் தற்கொலை முயற்சியோடு கார்டிசால் கூடுதலாகவும், அதற்கு மேற்பட்டவற்றில் குறைவாகவும் இருந்தது. இதில் எந்த எண்ணை வைத்து உங்கள் பிள்ளையை எடை போடுவீர்கள்?

தங்கையைப் பார்த்த மனநல மருத்துவர் அந்தக் கவரைப் பிரிக்கவேயில்லை. எங்களை வெளியே அனுப்பிவிட்டு, "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டாராம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள், வராது. அவள் முக்கால் மணி நேரம் பேசினாள்.

நீங்களும் இன்றைக்கே கேளுங்கள், தனியாக விடாதீர்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அப்புறம் ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சிலருக்கு அது மனநிலையைப் புரட்டிப்போடும். நீங்களாக நிறுத்தக் கூடாது.