குதிரைக்கு அடிக்கடி வயிற்றுவலி: எந்த டானிக் கொடுக்கலாம்?

கேள்வி: ஐயா, என்னிடம் வண்டிக்கும் சவாரிக்கும் பழக்கிய ஏழு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று உள்ளது. மூன்று ஆண்டுகளாக நோய்நொடி இல்லாமல் இருந்தது, கடந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை வயிற்றுவலியால் துடித்துவிட்டது. முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, படுத்துப் புரள்கிறது. முதல் முறை மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் செலுத்திச் சரிசெய்தார். மற்ற இரண்டு முறையும் கைவசமிருந்த வலி ஊசியை நானே போட்டேன், அடங்கிவிட்டது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நான்கு லிட்டர் டப்பாவால் ஒரு டப்பா தானியமும் ஓர் அணைப்பு உலர்புல்லும் போடுகிறேன். முன்பு ஓட்ஸ் கொடுத்தேன். அது கிடைக்காததால் இப்போது அதே அளவு மக்காச்சோளம். குதிரை இளைத்தும் தெரிகிறது. தீவனக்கடைக்காரர் ஒரு செரிமான டானிக்கும், உடம்பு தேறுவதற்கு மாட்டுத் தீவனமும் தருவதாகச் சொல்கிறார். எந்த டானிக் நல்லது? வலி வரும்போது வாயில் எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: டானிக் வேண்டாம், எண்ணெயை வாயில் ஊற்றவே வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு விடை இவ்வளவுதான். கேட்டிருக்க வேண்டிய கேள்வியோ, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் 'அதே அளவு' என்ற இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது. ஓட்ஸிலிருந்து எப்போது மாறினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் வயிற்றுவலிக்குச் சற்று முன்புதான் என்று ஊகிக்கிறேன்.

நான்கு லிட்டர் டப்பாவில் ஓட்ஸ் ஏறக்குறைய 1.8 கிலோ பிடிக்கும். அதே டப்பாவில் மக்காச்சோளம் 2.9 கிலோ அளவுக்குப் பிடிக்கும். ஓட்ஸில் மாவுச்சத்து சுமார் 40 சதவீதம், மக்காச்சோளத்தில் சுமார் 70 சதவீதம். ஆக, டப்பா மாறாவிட்டாலும் ஒரு வேளைக்கு உள்ளே போகும் மாவுச்சத்து முக்கால் கிலோவிலிருந்து இரண்டு கிலோவாக ஏறிவிட்டது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பதே ஒரு வேளைக்குப் பாதுகாப்பான எல்லை. உங்கள் குதிரை 380 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அது 380 கிராம். ஓட்ஸ் போட்ட நாள்களிலேயே நீங்கள் எல்லையைத் தாண்டித்தான் இருந்திருக்கிறீர்கள், குதிரை பொறுத்துக்கொண்டிருந்தது.

சமைக்காத மக்காச்சோளத்தின் மாவுச்சத்தைக் குதிரையின் சிறுகுடலால் ஓட்ஸைப் போல எளிதில் உடைக்க முடியாது. மீந்தது பெருங்குடலுக்குச் செல்கிறது. நாரைப் புளிக்கவைத்து உணவாக்கும் நுண்ணுயிர்கள் வாழும் அந்த இடத்தில் மாவுச்சத்து வந்து கொட்டினால் லாக்டிக் அமிலம் பெருகி, வாயு சேர்ந்து, குடல் உப்புகிறது. குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. வயிற்றுவலியோடு நின்றால் நல்லது. இதே காரணத்தால் குளம்புக்குள் அழற்சி உண்டாகி வாழ்நாள் முழுவதும் நொண்டிய குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே குளம்பு வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, திரும்பும்போது கால் கூசுகிறதா என்று இன்றே கவனியுங்கள்.

இனி என் வழக்கமான புலம்பலுக்கு வருகிறேன். குதிரை வளர்ப்போர் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறார்கள். ஒரு கொக்கித் தராசு மட்டும் லாயத்தில் இருப்பதில்லை. டப்பா என்பது அளவு அல்ல, பழக்கம். அணைப்பு என்பது அதைவிட மோசம்: உங்கள் அணைப்பும் உங்கள் மகனுடைய அணைப்பும் ஒன்றல்ல, தளர்ந்த புல்லும் இறுகிய புல்லும் ஒன்றல்ல. செல்லும் லாயங்களில் எல்லாம் உரிமையாளரை ஒரு புல்கட்டைத் தூக்கி எடை சொல்லச் சொல்லிவிட்டு, பிறகு அதைத் தராசில் தொங்கவிடுவது என் வழக்கம். ஐந்து கிலோ என்று சத்தியம் செய்த கட்டு இரண்டரைக் கிலோவில் நின்றதுண்டு. அந்த வீட்டுக் குதிரைக்கு மூன்று வகை டானிக் ஓடிக்கொண்டிருந்தது.

தராசு வாங்கியதும் குதிரையின் எடையையும் கணக்கிடுங்கள். அதற்கு அளவு நாடா போதும். முன்னங்கால் மார்போடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 172, நீளம் 152 என்றால் விடை ஏறக்குறைய 378. துல்லியமல்ல என்றாலும் கண்ணளவைவிட ஆயிரம் மடங்கு மேல். பதினைந்து நாளுக்கொரு முறை எழுதி வைத்தால் இளைக்கிறதா தேறுகிறதா என்று அடுத்தவரைக் கேட்க வேண்டியிருக்காது.

குதிரைக்கு ஒரு நாளில் உடல் எடையின் இரண்டு சதவீதம் அளவுக்கு நார்த்தீவனம் உலர்ந்த கணக்கில் வேண்டும். ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. 380 கிலோ குதிரைக்கு இரண்டு சதவீதம் என்பது, உலர்புல்லில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் சேர்த்தால், எட்டரைக் கிலோ உலர்புல். உங்கள் இரண்டு அணைப்பும் சேர்ந்து ஐந்து கிலோவைத் தொட்டால் வியப்பேன். எடையைவிடவும் எனக்குக் கவலை தருவது இரவு. மாலையில் போட்ட புல் எட்டு மணிக்குள் தீர்ந்திருந்தால், காலை ஆறு மணி வரை பத்து மணி நேரம் வாய் சும்மா இருக்கிறது. மேயும் குதிரை நாளில் பதினாறு மணி நேரம் வரை மெல்லும். இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால்தான் சுரக்கும். இளைப்புக்குப் பாதிக் காரணம் இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். எனவே புல்லை நான்கு பங்காக்கி, பெரிய பங்கை இரவுக்கு வையுங்கள். சிறு கண்ணுள்ள வலைப்பையில் போட்டால் மெதுவாகத் தின்னும்.

மக்காச்சோளத்தை இன்றே பாதியாகக் குறைத்து, பத்து நாளில் வேளைக்கு அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். ஓட்ஸ் மறுபடி கிடைத்தால் வேளைக்கு 900 கிராம் வரை போடலாம். தீவனத்தை எப்போது மாற்றினாலும் ஏழு முதல் பதினான்கு நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். புல்லை மாற்றும்போதும் இதே விதிதான். நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் உப்பும், எப்போதும் எட்டும் இடத்தில் சுத்தமான நீரும் இருக்கட்டும்.

மாட்டுத் தீவனத்தைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதை அவர் அறியாமையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஆனாலும் மன்னிக்க முடியவில்லை. மாட்டுக்கும் கோழிக்கும் தயாரிக்கும் தீவனங்கள் சிலவற்றில் மொனென்சின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். மாட்டுக்கு நன்மை செய்யும் அதே மருந்து, மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். கலவை இயந்திரத்தில் ஒட்டிய மிச்சம்கூடப் போதும். மூட்டையில் எது எழுதியிருந்தாலும், குதிரைக்கென்றே செய்யாத கலப்புத் தீவனத்தை லாயத்துக்குள் விடாதீர்கள். டானிக் விற்பவர் முதலில் 'எத்தனை கிலோ புல் போடுகிறீர்கள்' என்று கேட்டாரா? கேட்டிருந்தால் பாட்டில் விற்றிருக்காது.

வாயில் ஊற்றும் எண்ணெய் எளிதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். அதனால்தான் மருத்துவர் குழாய் செலுத்துகிறார். வலி ஊசியை நீங்களே போடுவதையும் நிறுத்துங்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தாலும் ஊசி சில மணி நேரம் வலியை மறைத்துவிடும். அறுவைக்குரிய நேரம் அதற்குள் கடந்துவிடும். அடிக்கடி போட்டால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். தசையில் குத்திய இடத்தில் உயிரைப் பறிக்கும் தொற்றும் வரலாம்.

அடுத்த முறை வந்தால் தீவனத்தை எடுத்துவிட்டு, தாடைக்கு அடியில் நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இயல்பு. 60ஐத் தாண்டினால் ஒரு நொடியும் தாமதிக்க முடியாது. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். கடைசியாக எப்போது இலத்தி போட்டது என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் தொலைபேசியிலேயே சொல்லுங்கள்.

அவர் வரும்போது பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம் என்பதால் கடைவாய்ப் பற்களின் ஓரம் தேயாமல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். பாதி மென்ற புல்லுருண்டை தரையில் கிடந்தாலோ, இலத்தியில் முழுத் தானியம் தெரிந்தாலோ அதுதான் காரணம். குடற்புழு மருந்தையும் இலத்தியில் முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகே கொடுங்கள்.