எந்தச் சட்டம் எதற்கு மேல்? நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

பிரான்சில் ‘ஆர்கானிக் சட்டம்’ என்றொரு வகை இருப்பதாகப் படித்தேன். இங்கும் உண்டா? (குன்னூர்)

இல்லை. அரசின் முக்கிய அமைப்புகள் இயங்கும் முறையை அரசியலமைப்பின் கட்டளைப்படி விரித்துச் சொல்வது அது. பிரான்சில் அரசியலமைப்பு மன்றம் ஆராய்ந்த பிறகே நடைமுறைக்கு வரும். ஸ்பெயினில் கீழவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். நம் நாட்டில் தேர்தல்களுக்கான மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தவும் சாதாரணப் பெரும்பான்மை (வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல்) போதும்.

ஜென்ம நில (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டம், அடிப்படை உரிமையைக் காட்டி ரத்து செய்ய முடியாதபடி சட்டங்களைக் காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. இனி கோர்ட்டுக்குப் போக வழியில்லையா? (கூடலூர்)

வழி இருக்கிறது, அதைத் திறந்ததே உங்கள் ஊர்ச் சட்டம்தான். 1969இல் வந்த அந்தச் சட்டத்தில், ஜென்ம எஸ்டேட்டுகளின் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைச் செல்லாததாக்கியது. 1974இல் அரசியலமைப்பின் 34ஆவது திருத்தம் சட்டத்தை முழுசாக அட்டவணையில் ஏற்றியது. ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கில் 9 நீதிபதிகள் 11.1.2007 அன்று தீர்ப்பளித்தார்கள்: 24.4.1973க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை (திருத்தத்தாலும் அழிக்க முடியாத அதன் ஆதார அம்சங்களை) சிதைக்கிறதா என்று சோதிக்கப்படலாம்.

இதை வைத்து ‘ஜென்மச் சட்டமே ரத்தாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்பி நிலம் வாங்காதீர்கள். அந்த அமர்வு கோட்பாட்டை மட்டுமே வகுத்தது. தனித்தனி மனுக்களை 3 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று மட்டும் எழுதும் மனுவும் நிற்காது. அந்த மீறல் அடிப்படைக் கட்டமைப்பையே எப்படித் தொடுகிறது என்று காட்ட வேண்டும்.

வன உரிமை மனு நிலுவையில் இருக்கும்போதே, ஏதோ சுற்றறிக்கையைக் காட்டிக் காலி செய்யச் சொல்கிறார்கள். (கோத்தகிரி)

சுற்றறிக்கை சட்டத்தை வெல்லாது. மேலே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், அதன் கீழே 2008 விதிகள், சுற்றறிக்கை அதற்கும் கீழே. பழங்குடியினரையும் பிற பாரம்பரிய வனவாசிகளையும் உரிமைச் சரிபார்ப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5). எந்தச் சட்டப்பிரிவின்படி வெளியேற்றுகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கிராம சபைத் தீர்மானமே பாதகமாக இருந்தால், தீர்மானத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மனு போக வேண்டும். ஒரே ஒரு ஆதாரத்தோடு போவதுதான் பெரிய தவறு. விதி 13 ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் கேட்கிறது. பழைய அரசு ஆவணத்தோடு ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலத்தையும் சேருங்கள்.

மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் மோதினால்? (உதகை)

பொதுப்பட்டியல் (இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய) விஷயமானால் அரசியலமைப்பின் பிரிவு 254 பொருந்தும்: மத்தியச் சட்டமே நிற்கும். ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் நிற்கும், நாடாளுமன்றம் பிறகு அதை மாற்றாத வரை.