ராமநாதபுரத்தில் ஒரு நாள் தங்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் போகிற வழியில் ராமநாதபுரத்தில் ஒரு நாள் தங்கினால் பார்க்க ஏதாவது இருக்கிறதா? பழைய ஊர்ப் பகுதி இப்போது எப்படி இருக்கிறது?

தாராளமாகத் தங்கலாம். நான் வளர்ந்த ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. பாம்பன் பாலத்தைப் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் பைபாஸ் பக்கம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையான ஊர் அரண்மனையைச் சுற்றித்தான் இருக்கிறது.

முதலில் அரண்மனையிலுள்ள ராமலிங்க விலாசம் மண்டபத்துக்குப் போங்கள். போகலூரிலிருந்த, இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களின் தலைநகரை இங்கே மாற்றியவர் கிழவன் சேதுபதி. அவருக்குப் பின், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த மண்டபத்துச் சுவர்களிலும் விதானத்திலும் ஓவியங்கள் தீட்டினார்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியர்களைச் சேதுபதி வரவேற்பது, ராமாயணம் எல்லாம் உண்டு. சில இடங்களில் வண்ணம் மங்கிவிட்டது. பொறுமையாக நின்று பார்த்தால் பீரங்கியும் குதிரையும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பிடிபடும். அவசரமாகச் சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள், அதுதான் என் ஒரே வேண்டுகோள். நவராத்திரி சமயம் என்றால் அரண்மனைக்குள் ராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஊரணிகள். என்னைக் கேட்டால் பழைய ஊருக்கு மறுபடி உயிர் வருவது இவற்றால்தான். கடற்கரை மாவட்டம், நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. மழைநீரைத் தேக்கிய ஊரணிதான் குடிக்கவும் சமைக்கவும். முகவை ஊரணி, நீலகண்டி ஊரணி என்று தெருக்கள் தண்ணீரை ஒட்டியே வளர்ந்தன. காவிரித் தண்ணீர் குழாயில் வந்ததும் ஊரணியை யாரும் கண்டுகொள்ளவில்லை. குப்பையும் சாக்கடையும் சேர்ந்தன. இன்னொரு பக்கம், நெடுங்காலம் மதுரையிலிருந்தே நிர்வாகம் நடந்த மாவட்டம் இது. 1985-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின், கலெக்டர் அலுவலகம் பட்டணங்காத்தானில் அமைய, புதுக் கடைகளும் வீடுகளும் அந்தப் பக்கம் நகர்ந்தன. அரண்மனைக் கடைவீதி களையிழந்தது.

இப்போது சில ஊரணிகளைத் தூர்வாரி, கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் பெண்கள் கூட்டமாக நடக்கிறார்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களை மறித்துக் கட்டியதை எடுக்காமல் கரைக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டினால் பிரயோஜனமில்லை. மழை பெய்தாலும் தண்ணீர் வந்து சேர வழி வேண்டுமே.

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுவிட்டன. அந்த நாட்களில் இங்கே இறங்கிய யாத்ரீகர்களில் ஒரு பகுதியாவது இனியும் இங்கே தங்கிப் போக வேண்டும் என்பது என் ஆசை.

சாப்பாட்டுக்கு மீன்தான். நகரை மீன் கிடைத்தால் விடாதீர்கள். குண்டு மிளகாய் அரைத்து வைத்த குழம்பின் காரம் தனி. அந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தை மாதம் என்றால் பனங்கிழங்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது, அமைதியான இடம். நேரமிருந்தால் தேவிபட்டினம் போய் வரலாம், கடலுக்குள் நவபாஷாணம், அதாவது நவக்கிரகங்களாக வழிபடும் ஒன்பது கற்கள் இருக்கின்றன.

எப்போது வரலாம் என்றால், மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, வைகை கொண்டுவந்த தண்ணீர் பெரிய கண்மாயில் நிற்கும். பக்கத்துச் சக்கரக்கோட்டை கண்மாய் பறவைகள் சரணாலயம், 2025-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. விடியற்காலையில் போங்கள், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் வராதீர்கள். வெயிலும் தாங்காது, கண்மாயும் காய்ந்து கிடக்கும்.