பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். இதற்கு முன் யார் யாரிடம் இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் வாங்கியது ஃபியட்டா அம்பாசடரா என்று சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும், "டாக்டர் வச்சிருந்த வண்டி சார், ஒரே கை" என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2013ல் காரைக்குடியில் ஒரு புரோக்கர் மூலமாக 1966ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். இரண்டு கதவு வண்டி. அது யார் யார் கை மாறி வந்தது என்று தேட எனக்கு ஆறு வருடம் ஆனது. நான் கண்டுபிடித்த வரையில் அதில் டாக்டர் யாரும் இல்லை.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். கையால் எழுதிய பழைய புத்தகம் கிடைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பெயர் மாற்றம், ஃபைனான்ஸ் கடன், நிறம் மாற்றியது என்று எல்லாமே தேதியோடும் சீலோடும் இருக்கும். ஆனால் 'டூப்ளிகேட்' என்று சீல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது 1987ல் கொடுத்த டூப்ளிகேட். முதல் பதிவுத் தேதியும் எண்ணும்தான் பழையவை. நடுவில் இருந்த இருபத்தோரு வருடத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. நிறம் என்ற இடத்தில் மஞ்சள் என்று இருந்தது. நான் வாங்கும்போது வண்டி வெள்ளை.

"இதெல்லாம் எதற்கு, அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் வந்துவிடுமே" என்று யாராவது சொல்வார்கள். போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதில் இப்போதைய உரிமையாளர் மட்டும்தான் வருவார், அதுவும் பாதிப் பெயர் நட்சத்திரக் குறியாக. பழைய வண்டிகளைப் பின்னால்தான் கணினியில் ஏற்றினார்கள். என் வண்டிக்கு நானே முதல் உரிமையாளர் என்று காட்டுகிறது!

இன்னொன்று. ஆர்.சி.யில் இருக்கும் பெயர் எல்லாம் வண்டியை ஓட்டியவர்களின் பெயர் இல்லை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே இரண்டு மூன்று கை மாறியிருக்கும். அப்படி வைத்திருந்தவர்களை மெக்கானிக் ஷெட்டில் விசாரித்துத்தான் பிடிக்க முடியும்.

என் விஷயத்தில் முதல் துப்பு வண்டியிலேயே இருந்தது. 2014ல் டிங்கரிங் வேலைக்கு விட்டிருந்தேன். தரைவிரிப்பைப் பிய்த்ததும் டிங்கர் கூப்பிட்டுக் காட்டினார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில், ஒரு சாண் இடைவெளியில் இரண்டு ஓட்டைகள், தகடு வைத்து வெல்டு அடித்து மூடியிருந்தன. "இது எல் போர்டு வண்டி சார். வாத்தியாருக்குத் தனியா கிளச்சும் பிரேக்கும் வச்சிருந்திருக்காங்க" என்றார். கதவுக் கீல் பக்கத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வெள்ளைக்கு அடியில் மஞ்சள். இன்னும் தேய்த்ததும் இளம் பச்சை வந்தது.

1987ல் வண்டி இருந்தது திருச்சியில். அதனால் அங்கே பழைய டிரைவிங் ஸ்கூல்காரர்களைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நம்பரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். 1979லிருந்து ஆறு வருடம் அந்த வண்டியில்தான் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தாராம்.

டிரைவிங் ஸ்கூல் வண்டி என்று வெளியே சொல்லாதே, விலை போகாது என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் எல்லோரிடமும் சொல்கிறேன். எத்தனை பேர் அதில் முதன்முதலாக கியர் போட்டுப் பழகி, அதை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியிருப்பார்கள்!

அதற்கும் முந்தைய ஆட்களுக்கு முதல் பதிவு நடந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். 1989க்கு முன்னால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி எழுத்து வரிசை இருந்ததால் எந்த ஊர் என்று நம்பரே சொல்லிவிடும். அங்கே 'பி ரிஜிஸ்டர்' என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் உங்கள் வண்டிக்கான பக்கத்தின் நகலைக் கேளுங்கள். நான் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டேன். தனிநபர் தகவல் என்று மறுத்துவிட்டார்கள். அப்புறம் இன்றைய உரிமையாளர் என்ற முறையில் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களோடு மனு எழுதிக்கொண்டு நான்கு தடவை நேரில் போனேன். கடைசியில் ஒரு எழுத்தர் மனமிரங்கிப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். பக்கத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதிப் பாதியில் பெயரும், மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமமும், வண்டியின் உடம்பில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரும் இருந்தன. நான் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் போயிருந்த நம்பரோடு அது அப்படியே பொருந்தியது.

இங்கிலாந்தில் செய்த ட்ரயம்ஃப் ஹெரால்டுக்கு கேடன் ஊரில் உள்ள மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழே தருகிறது. அதே வண்டியைச் சென்னையில் 1961லிருந்து செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1980களின் கடைசியில் மூடிவிட்டது. நமக்கு மிச்சம் இருப்பது இந்தக் கரையான் தின்ற பக்கங்கள்தான். அதையாவது யாராவது காப்பாற்றக் கூடாதா?

முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போய் நிற்பது தவறு என்று சிலர் எழுதுவீர்கள். நான் முதலில் கடிதம் போட்டேன். வரச் சொல்லிப் பதில் வந்த பிறகுதான் 2019ல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். முதல் உரிமையாளர் அரிசி ஆலை வைத்திருந்தவர், காலமாகிவிட்டார். அவருடைய மகள் அறுபது வயதைத் தாண்டியவர், வாசலுக்கு வந்தார். நான் இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினேன். "மெதுவா சாத்துங்க தம்பி. அப்பா இருந்தா திட்டுவார்" என்றார். பச்சையா என்று கேட்டேன். "வெள்ளரிப் பிஞ்சு நிறம்" என்றார். அவர் கல்யாணச் செலவுக்காக 1974ல் விற்றார்களாம். வேளாங்கண்ணிக்குப் போனபோது எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் தூக்கும் அல்லவா, அப்படித் தூக்கி வைத்திருக்க, பக்கத்தில் சட்டையில்லாமல் அவர் அப்பா நிற்கிறார். நம்பர் பிளேட் பாதி தெரிகிறது.

இந்த வண்டியைத்தான் எங்கள் குடியிருப்புச் சங்கத்தார் இரும்புக் கடைக்குப் போடச் சொல்லி மூன்று நோட்டீஸ் ஒட்டினார்கள். என் பார்க்கிங்கில், கவர் போட்டு, இன்சூரன்ஸ் கட்டித்தான் நிறுத்தியிருக்கிறேன். பக்கத்தில் இரண்டு வருடமாக டயரில் காற்றில்லாமல் நிற்கும் புது எஸ்.யு.வி.க்கு ஒரு நோட்டீஸ்கூட இல்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் மனசு ஆறவில்லை.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டி என்றால் 2021ல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு செய்துகொள்ளலாம், பழைய நம்பரும் போகாது. அதற்குப் பழைய ஆர்.சி. வேண்டும். எந்த அலுவலகத்தில் கொடுப்பதாக இருந்தாலும் அட்டை முதல் அட்டை வரை நகல் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

எனக்கு இன்னும் 1974லிருந்து 1979 வரை வைத்திருந்தவர் யார் என்று தெரியவில்லை. திருச்சி, உறையூர்ப் பக்கம் இளம் பச்சை ஹெரால்டு ஓடிய ஞாபகம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.